சுவிட்சிலிருந்து முதல் ஸ்வரம் வரை

வீட்டில் இசையமைக்கப் பயன்படும் கணினி, சுவிட்சைப் போட்டதிலிருந்து முதல் ஸ்வரத்தை ஒலிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் கடந்த நாற்பது ஆண்டுகளில் சீராகக் குறைந்து வரவில்லை. 1980களின் முற்பகுதியில் அது சில விநாடிகள்தான். 2000களில் பல நிமிடங்களாக நீண்டது. பிறகு ஒரு பகுதி சுருங்கியது, இன்னொரு பகுதி நீண்டபடியே நின்றுவிட்டது. இதே காலத்தில் செயலியின் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆகவே இந்தக் காத்திருப்பின் வரலாற்றைச் செயலியின் வேகத்தை வைத்து எழுத முடியாது. வேண்டிய நிரல் எங்கே பதிந்திருக்கிறது, அதில் எவ்வளவு பகுதியை ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது என்ற இரண்டுமே இதில் பெரிய காரணங்கள்.

கடிதம் தட்டச்சு செய்பவருக்கு டெஸ்க்டாப் தெரிந்ததும் கணினி தயார். இசைக்காரருக்கு அது பாதி வழிதான். அதன்பிறகு ஆடியோ இன்டர்ஃபேஸ் விழித்துக் கணினியோடு பேச வேண்டும். இசை மென்பொருள் திறக்க வேண்டும். அது தன் உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும். துணை நிரல்களாகிய ப்ளக்-இன்களைத் தேடிப் பட்டியலிட வேண்டும். கடைசியாக, பாடலின் கோப்பும் அதில் வரும் வாத்தியங்களின் சாம்பிள்களும் நினைவகத்தில் ஏற வேண்டும். இந்த ஒவ்வொரு படியும் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தது. எது எப்போது சேர்ந்தது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய கதை.

மின்சார வாத்தியங்களில் காத்திருப்பு கணினிக்கு முன்பே உண்டு. 1935இல் சந்தைக்கு வந்த ஹாமண்ட் ஆர்கனில் இரண்டு சுவிட்சுகள் இருந்தன. முதலில் 'ஸ்டார்ட்' சுவிட்சைச் சுமார் 8 விநாடி பிடித்திருக்க வேண்டும். அதை விடாமலேயே 'ரன்' சுவிட்சைப் போட்டு இன்னும் 4 விநாடி பொறுக்க வேண்டும். உள்ளே பற்சக்கரங்களைச் சுழற்றிய மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டிக்கொண்டு ஓடும் வகையைச் சேர்ந்தது. அந்த வகை மோட்டார் தானாகப் புறப்படாது. இன்னொரு மோட்டார் அதை வேகத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். பின்னர் வந்த அனலாக் சிந்தசைசர்களில் வேறு வகைக் காத்திருப்பு. சூடேறி நிலைக்கும்வரை அவற்றின் சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். 1978இல் வந்த புராஃபெட்-5இல் சுருதி சேர்ப்பதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தினால் உள்ளிருக்கும் நுண்செயலி ஒவ்வொரு குரலையும் அளந்து திருத்திவிட்டுத்தான் வாசிக்க விடும். சுருதி சேர்ப்பதைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்ட ஆரம்பக் கட்டம் அது.

முழு இசைக்கணினி என்று சொல்லத்தக்கது, சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கி 1979இல் வெளியிட்ட ஃபேர்லைட். எட்டு அங்குல ஃப்ளாப்பி வட்டுகள் இரண்டு அதற்கு வேண்டும். ஒன்றில் இயங்கு நிரல், மற்றொன்றில் ஒலிகள். ஒரு வீட்டின் விலைக்கு நெருங்கிய அந்த இயந்திரம் பெரிய ஸ்டூடியோக்களுக்கே எட்டியது. ஆனால் நிரல் ஒரு வட்டு, ஒலி ஒரு வட்டு என்ற அந்த ஏற்பாடு பின்னால் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1980களின் நடுவில் வந்த என்சோனிக் மிராஜ் என்ற மலிவு விலை சாம்ப்ளர், தன் இயங்கு நிரலைக்கூட உள்ளே வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஃப்ளாப்பியைச் செருகினால்தான் உயிர் வரும்.

வீட்டுக்கணினிகள் அப்போது இதற்கு நேர்மாறான வழியில் போய்க்கொண்டிருந்தன. 1982இல் வந்த கமடோர் 64இல் இயங்கு நிரலும் பேசிக் மொழியும் எழுத்துருவும் சேர்ந்து 20 கிலோபைட் அளவில் ரோம் சிப்புகளில் நிரந்தரமாகப் பதிந்திருந்தன. எங்கிருந்தும் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. நினைவகத்தைச் சோதித்துவிட்டு இரண்டு மூன்று விநாடிகளில் 'ரெடி' என்று நீலத் திரையில் எழுதிவிடும். பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப்பு மூன்று குரல்களோடு அப்போதே தயார். பேசிக்கில் சில வரி தட்டினால் நாதம் எழும். சிக்கல் அதற்குப் பின்னால் இருந்தது. சீக்வென்சர் போன்ற வெளி நிரல் வேண்டுமானால் அதை 1541 வட்டுப்பெட்டியிலிருந்து ஏற்ற வேண்டும். அதன் வேகம் விநாடிக்கு 300 முதல் 400 பைட்தான். 30 கிலோபைட் நிரல் ஏறுவதற்கே ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பிடிக்கும். முந்தைய விக்-20 கணினியில் ஒரு சிப்பின் பழுதால் கைவிடப்பட்ட வேகமான இணைப்பு, பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் புதிய கணினியிலும் திரும்ப வரவில்லை. இந்த வேதனையைத் தீர்க்கவே எபிக்ஸ் ஃபாஸ்ட்லோடு போன்ற கார்ட்ரிட்ஜ்கள் 1984 முதல் விற்றன.

1983 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' இசைக் கண்காட்சியில் இரண்டு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் மிடி என்ற பொது இணைப்பு முறையின் கம்பியால் பேசிக்கொண்டன. அதன்பின் கணினிக்கு இசை அறையில் நிலையான இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே யமஹா, எம்எஸ்எக்ஸ் வகையைச் சேர்ந்த சிஎக்ஸ்5எம் கணினியை வெளியிட்டது. எட்டுக் குரல் எஃப்எம் சிந்தசைசர் அதிலேயே பொருத்தப்பட்டிருந்தது. இசை எழுதும் நிரலும் ஒலி உருவாக்கும் நிரலும் ரோம் கார்ட்ரிட்ஜாக வந்தன. கார்ட்ரிட்ஜைச் செருகி ஆன் செய்தால், எம்எஸ்எக்ஸ் சின்னம் தோன்றி மறைந்ததும் நிரல் திரைக்கு வந்துவிடும். வாத்தியமும் எழுதுபலகையும் ஒன்றாகச் சில விநாடிகளில் தயாராகின. 1986இல் இளையராஜா இசையில் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இந்தக் கணினி பயன்பட்டது. அதன் சீக்வென்சிங் வேலையைச் செய்தவர், பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் என்று உலகம் அறிந்த திலீப். தமிழ்ப் படப் பாட்டில் கணினி நுழைந்த வாசல்களில் ஒன்று அது என்பதால், அந்த எளிய எட்டு பிட் பெட்டியைத் தமிழ் இசை வரலாறு மறக்கக் கூடாது.

அதிலும் ஒரு கட்டத்தில் காத்திருப்பு வந்தது. நிரல் ரோமில் இருந்தாலும், எழுதிய இசையைச் சேமிக்கக் கேசட்தான் எளிய வழி. எம்எஸ்எக்ஸ் கணினியின் வழக்கமான கேசட் வேகம் விநாடிக்கு 1,200 பிட். தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 11 பிட் ஆகிறது. விநாடிக்குச் சுமார் 109 பைட்தான் ஏறும். 32 கிலோபைட் நினைவகம் முழுவதையும் நிரப்ப ஐந்து நிமிடம். ஆக, கருவி உடனே விழித்தாலும் நேற்றைய பாட்டு மெதுவாகத்தான் வரும்.

வீட்டு இசையறைகளில் மிகுந்த அன்பைச் சம்பாதித்த கணினி, ஜாக் டிராமியல் தலைமையில் அடாரி 1985இல் வெளியிட்ட எஸ்டி. மிடி உள்வாயிலும் வெளிவாயிலும் அதன் உடம்பிலேயே இருந்தன. தனி இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டாம். முதலில் வந்த 520 எஸ்டிகளில் இயங்கு நிரலின் ரோம் தயாராகாததால் அதையும் ஃப்ளாப்பியிலிருந்தே ஏற்ற வேண்டியிருந்தது. பிறகு 192 கிலோபைட் ரோமாக உள்ளேயே வந்தது. அதன்பின் ஒரு சிறு பழக்கம் பயன்பாட்டாளர்களிடம் உருவானது. ஆன் செய்தவுடன் எஸ்டி முதலில் வட்டுப்பெட்டியைத்தான் எட்டிப் பார்க்கும். உள்ளே வட்டு இல்லாவிட்டால் அது வருமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நிற்கும். ஆகவே வேலை இருக்கிறதோ இல்லையோ, ஏதாவது ஒரு ஃப்ளாப்பியைச் செருகிவிட்டே சுவிட்சைப் போடுவார்கள்.

ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல் எஸ்டிக்காக க்யூபேஸ் மென்பொருளை வெளியிட்டது. அதே நாட்டின் சி-லேப் நிறுவனத்தின் கிரியேட்டரும் நோட்டேட்டரும் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தன. இவை ஃப்ளாப்பியில் வந்தன. எஸ்டியின் வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும். ஒரு சுற்றில் ஒன்பது துண்டுகள், ஒவ்வொன்றும் 512 பைட். கணக்குப் போட்டால் விநாடிக்கு அதிகபட்சம் 23,040 பைட் வரும். 720 கிலோபைட் வட்டு முழுவதையும் படிக்க, இடையில் எந்தத் தாமதமும் இல்லாவிட்டால்கூட 32 விநாடி ஆகும். வட்டுத் தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். அந்த நேரத்தில் கீபோர்டை ஆன் செய்து, மிடி கம்பியைச் சரிபார்த்து, டாங்கிள் உறுதியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். க்யூபேஸின் டாங்கிள் கார்ட்ரிட்ஜ் துளையில் செருகப்படும் ஒரு சிறு பெட்டி. அது இல்லாமல் நிரல் ஓடாது. கணினி ஓடும்போது அதைச் செருகவோ எடுக்கவோ கூடாது என்பது எல்லோரும் அறிந்த எச்சரிக்கை.

எஸ்டி ஒரு நேரத்தில் ஒரே நிரலைத்தான் ஓட்டும். பின்னணியில் வேறெந்த வேலையும் நடக்காது. சீக்கிரம் விழித்ததற்கும், மிடி சைகைகளை அனுப்புவதில் தாளம் தப்பாமல் இருந்ததற்கும் இதுவே பெரிய காரணம். ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் புகழ்பெற்ற நார்மன் குக் போன்றவர்கள், அடாரி கணினி தயாரிப்பையே விட்ட பிறகும் பல ஆண்டுகள் அதிலேயே பாட்டு அமைத்தார்கள். பழமைப் பற்று என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அந்த வேலைக்கு அது நல்ல கருவி.

அமிகாவின் கதை சுருக்கமானது. 1985இல் வந்த அமிகா 1000, உள்கருவான கிக்ஸ்டார்ட்டை ஒரு வட்டிலிருந்தும் வொர்க்பெஞ்சை இன்னொரு வட்டிலிருந்தும் ஏற்றியது. 1987இல் வந்த அமிகா 500 கிக்ஸ்டார்ட்டை ரோமில் வைத்தது. அதே ஆண்டு கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்டுடிராக்கர் மூலம், ஒரு ஃப்ளாப்பிக்குள் நிரலும் சாம்பிளும் பாட்டும் அடங்கும் இசைமுறை ஐரோப்பிய இளைஞர்களிடையே பரவியது. இன்னொரு பக்கம், மெக்கின்டாஷ் கணினியில் 'எக்ஸ்டென்ஷன்' எனப்படும் துணைத் துணுக்குகளின் சின்னங்கள், விழிக்கும்போது திரையின் அடியில் வரிசையாக அணிவகுத்தன. ஒவ்வொரு சின்னமும் கூடுதல் நேரம். இரண்டு துணுக்குகள் ஒன்றோடொன்று மோதினால் கணினி பாதியில் நின்றுவிடும். இசைக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய துணுக்குகள் மட்டும் உள்ள தனிப் பட்டியல் வைத்துக்கொண்டு, பாட்டு வேலைக்கு அதையே தேர்ந்து கணினியைத் திரும்பத் தொடங்குவார்கள். காரியத்துக்கு வேண்டாததை ஏற்றாதே என்ற விதி நடைமுறைப் பழக்கமாக மாறியது இங்கேதான்.

ஐபிஎம் வழிவந்த பீசியில், ரோமில் இருந்தது பயோஸ் என்ற சிறு நிரல் மட்டுமே. நினைவகத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, டாஸை வட்டிலிருந்து அழைத்து ஒதுங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் பயன்பாட்டாளர் எழுதிவைத்த இரண்டு கோப்புகளின் பொறுப்பு. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்து சவுண்டு பிளாஸ்டர் அட்டை வந்தபின், அதன் முகவரி, குறுக்கீட்டு எண், டிஎம்ஏ எண் ஆகியவற்றை அந்தக் கோப்புகளில் ஒன்றில் ஒரு வரியாக எழுத வேண்டியிருந்தது. குறுக்கீட்டு எண் பிரிண்டரின் எண்ணோடு மோதினால் சத்தம் வராது. மாற்றி எழுதி, மறுபடி பூட் செய்து, சோதித்து, மீண்டும் மாற்றுவார்கள். ஒரு தொடக்கம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தாலும், ஒரு மாலை முழுவதும் பல தொடக்கங்களில் கரைந்துபோகும். 1994இல் வந்த ஏடபிள்யூஇ32 அட்டையில் வாத்திய ஒலிகள் 1 மெகாபைட் ரோமில் நிரந்தரமாகவும், பயன்பாட்டாளர் தேர்ந்த ஒலிகள் 512 கிலோபைட் ரேமிலும் இருந்தன. ரோம் ஒலி எப்போதும் தயார். ரேம் ஒலி மின்சாரம் போனதும் அழியும். ஒவ்வொரு முறையும் திரும்ப ஏற்ற வேண்டும். நிலையான ஒலிக்கும் விருப்பமான ஒலிக்கும் இடையிலான விலை என்ன என்பதை அந்த ஒரே அட்டை தெளிவாகக் காட்டியது.

1995இல் விண்டோஸ் 95 வந்தது. அது விழித்ததும் ஒலித்த மெட்டை அமைத்தவர் பிரையன் ஈனோ. கணினி தொடங்குவதற்கே ஓர் இசைத்துணுக்கு வேண்டும் என்று ஒரு பெரிய இசைக்கலைஞரை அமர்த்தும் அளவுக்கு அந்தத் தருணம் முக்கியமாகியிருந்தது. அந்த மெட்டு முடிந்தபிறகும் வட்டு சுழன்று கொண்டிருக்கும், வேலை தொடங்காது. 2001இன் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 30 விநாடிக்குள் பயன்பாட்டுக்கு வர வேண்டும் என்ற இலக்கை மைக்ரோசாஃப்ட் வைத்தது. தொடக்கத்தில் எந்தெந்தக் கோப்புகள் தேவைப்படுகின்றன என்று குறித்துவைத்து, அவற்றை வட்டில் அடுத்தடுத்து அடுக்கும் முறையும் அதில் வந்தது. வீட்டு இசைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நச்சுநிரல் காவல், இணையம், தானே திறக்கும் சில்லறை நிரல்கள் எல்லாவற்றையும் நிறுத்தி, இசைக்கென்றே தனி விண்டோஸை அதே கணினியில் நிறுவினார்கள்.

இந்தக் காலத்தில்தான் டெஸ்க்டாப்புக்குப் பிந்தைய காத்திருப்பு வளர்ந்தது. 1996இல் ஸ்டைன்பெர்க் விஎஸ்டி என்ற ப்ளக்-இன் முறையைக் கொண்டுவந்தது. 1999இல் வாத்தியங்களும் ப்ளக்-இன்னாகின. அலமாரி நிறைய இருந்த பெட்டிகள் கணினிக்குள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் இசை மென்பொருள் தொடங்கும்போது திறந்து பெயர் என்ன, எத்தனை வாயில் என்று விசாரிக்க வேண்டும். பத்து இருந்தபோது யாரும் கவனிக்கவில்லை. நூற்றுக்கணக்கில் ஆனபின் அந்த விசாரணையே நிமிடக் கணக்கில் நீண்டது. பழுதுள்ள ஒரு ப்ளக்-இன் மொத்தத் தொடக்கத்தையும் முடக்கியது. எதனால் நின்றது என்று கண்டுபிடிக்க, கோப்புறையைப் பாதி பாதியாக வெளியே நகர்த்தி முயன்று பார்ப்பார்கள். பின்னர் மென்பொருள்கள் முன்பு கண்டதை நினைவில் வைத்துப் புதியதை மட்டும் சோதித்தன. 2016இன் க்யூபேஸ் 9 சந்தேகத்துக்குரிய ப்ளக்-இன்னைத் தனியே ஒதுக்கிவைக்கும் காவலைச் சேர்த்தது.

மிகப் பெரிய சுமை சாம்பிள் நூலகம்தான். முழு ஆர்கெஸ்ட்ராவின் ஒலிகள் நினைவகத்தில் அடங்காது. அதனால் 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் ஒரு நல்ல வழி கண்டது. ஒவ்வொரு ஒலியின் தொடக்கத் துண்டை மட்டும் நினைவகத்தில் வைத்து, கட்டையை அழுத்தியபின் மீதியை வட்டிலிருந்து ஓடவிட்டது. ஆனால் தொடக்கத் துண்டுகளே மலையளவு. 20,000 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் 64 கிலோபைட் என்று கொண்டால் ஏறக்குறைய 1.3 கிகாபைட். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு துண்டைத் தேடி எடுக்கத் தலை நகரும் நேரம் 9 மில்லிவிநாடி, பாதிச் சுற்று 4 மில்லிவிநாடி. இருபதாயிரம் முறை இப்படி ஓடினால் நான்கு நிமிடத்துக்கு மேல். பெரிய பாட்டுக்கோப்புகள் திறக்க அரைமணி நேரம் பிடித்தது என்று கேட்டால் அதில் மிகை எதுவும் இல்லை. 32 பிட் கணினியில் 4 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைக் கையாள முடியாததால், திரை இசையமைப்பாளர்கள் பல கணினிகளில் ஒலிகளைப் பகிர்ந்து ஏற்றி, இரவிலும் அவற்றை அணைக்காமல் விட்டார்கள்.

திருப்பத்தைக் கொண்டுவந்தது எஸ்எஸ்டி. அதில் சுழலும் வட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை; சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுப்பதில் தாமதம் மிகக் குறைவு. மேலே சொன்ன 1.3 கிகாபைட், விநாடிக்கு 500 மெகாபைட் படிக்கும் எஸ்எஸ்டியில் மூன்று விநாடி வேலை. 2010க்குப் பிறகு வீட்டு ஸ்டூடியோவுக்கு இதைவிட நல்ல செலவு வேறில்லை. புதிய செயலி வாங்கியவர்களைவிட எஸ்எஸ்டி வாங்கியவர்களே நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தினார்கள்.

நீண்டு நின்ற பகுதிகளும் உண்டு. கோர்க் நிறுவனத்தின் எம்1 கீபோர்டு 1988இல் 4 மெகாபைட் ரோம் ஒலிகளோடு வந்தது. ஆன் செய்த சில விநாடிகளில் வாசிக்கலாம். அதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட க்ரோனோஸ், உள்ளே லினக்ஸும் எஸ்எஸ்டியும் கொண்ட முழுக் கணினி. தயாராக ஏறக்குறைய இரண்டு நிமிடம். மெல்லிசை மேடையில் கரண்ட் போய்த் திரும்பும்போது இந்த இரண்டு நிமிடம் பாட்டையே நிறுத்திவிடும். கணினியை மேடையேற்றுபவர்கள் யூபிஎஸ் இல்லாமல் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

2012இன் விண்டோஸ் 8 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஷட்டவுன் செய்யும்போது உள்கருவை வட்டில் உறையவைத்து, அடுத்த முறை அப்படியே எழுப்பும். நேரம் குறைந்தது. ஆனால் ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர் கோளாறாகியிருந்தால் அந்தக் கோளாறும் உறைந்து மறுநாள் எழும். அப்போது ஷட்டவுன் போதாது, ரீஸ்டார்ட்தான் செய்ய வேண்டும். டிடிஆர்5 நினைவகம் வந்தபின் வேறொரு காத்திருப்பு சேர்ந்தது. நினைவகத்தை முதன்முறை பொருத்தியபின் கணினி அதன் சைகை நேரங்களைச் சோதித்துச் சோதித்துச் சரிசெய்யும். சாம்பிள் நூலகத்துக்காக 64, 128 கிகாபைட் பொருத்துபவர்கள் பல நிமிடம் கறுப்புத் திரையைப் பார்த்திருக்க நேரும். பழுதென்று நினைத்து அணைத்துவிடக் கூடாது.

டாங்கிளைத் தேடும் நேரமும் குறைந்துவிட்டது. 2022இன் க்யூபேஸ் 12, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மென்பொருளோடு ஒட்டியிருந்த டாங்கிளைக் கைவிட்டு இணையவழி உரிமத்துக்கு மாறியது. வாத்தியங்களை உறங்கும் நிலையில் வைத்திருந்து, தொட்டதை மட்டும் ஏற்றும் வார்ப்புருக்கள் இப்போது வழக்கமாகிவிட்டன. நூற்றுக்கணக்கான டிராக் உள்ள கோப்பும் இதனால் விநாடிகளில் திறக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. கணினியும் இன்டர்ஃபேஸும் முழுதாக விழித்தபின் ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் செய்யுங்கள், அணைக்கும்போது அதையே முதலில் அணையுங்கள். இடையில் வரும் மின்துடிப்பு ஸ்பீக்கரின் கூம்பைக் கிழித்துவிடக் கூடும்.